இரண்டு விரிசல்களுக்கு நடுவே

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கறவை மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் அந்தக் கேனைத் தெரியும். கால்நடை மருந்தகத்தின் மூலையில், கழுத்து குறுகி, வயிறு பருத்து நிற்கும் அலுமினியக் கேன். மூடியைத் தூக்கினால் வெண்புகை வழிந்து தரையில் பரவும். உள்ளே திரவ நைட்ரஜன். சினை ஊசிக்கான விந்துக் குச்சிகள் அதில் மூழ்கிக் கிடக்கும். பால்கோவாவுக்குப் பேர்போன ஊரில் பாலின் கதை அந்தக் கேனிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குள் இருக்கும் குளிர் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ்.

நான் வேலை பார்த்த மிகப் பெரிய தொட்டிகளின் எஃகுக்கும் பரிசோதனைக் குளிர் இதே மைனஸ் 196 தான். அதனால் இந்தத் தொழிலைப் பற்றி ஊரில் யாராவது கேட்டால் அந்தக் கேனிலிருந்தே தொடங்குவேன். அதை ஏன் அலுமினியத்தில் செய்கிறார்கள்? சாதாரண இரும்பில் செய்தால் என்ன ஆகும்?

நாம் கேட்டுக்கும் கிரில்லுக்கும் வாங்குகிற மைல்டு ஸ்டீலில் ஒரு துண்டு எடுத்து, பத்துக்குப் பத்து மில்லிமீட்டர் கனத்தில் அறுத்து, நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வி வடிவ வெட்டுப் போட்டு, திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்துச் சுத்தியலால் அடித்தால் அப்பளம் போல் உடையும். உடைந்த முகம் பளபளவென்று மின்னும். அறை வெப்பத்தில் வளைந்து கொடுத்த அதே இரும்புதான் இது. இரும்பின் அணுக்கள் கனசதுரத்தின் எட்டு மூலையிலும் அதன் நடுவிலும் அமர்ந்திருக்கின்றன. குளிர ஆரம்பித்ததும் அந்த அடுக்குகளுக்கு ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் திறன் குறைந்துகொண்டே போகிறது. சறுக்க முடியாத உலோகம் வளையாது, பிளக்கும். அலுமினியம், நிக்கல், ஸ்டெயின்லெஸ் எஃகு ஆகியவற்றில் அணுக்கள் கனசதுரத்தின் மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் இருக்கின்றன. எவ்வளவு குளிரிலும் அவற்றின் அடுக்குகள் சறுக்கும். மகேந்திரகிரியில் இஸ்ரோ பயன்படுத்தும் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி. அந்த மாதிரிக் குளிருக்கு ஸ்டெயின்லெஸ் எஃகையும் அலுமினியத்தையும் நாடுவதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் எல்லாத் தொட்டிகளையும் ஸ்டெயின்லெஸ் எஃகில் செய்துவிடலாமே என்று கேட்பார்கள். 304 வகை ஸ்டெயின்லெஸ் எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் அழுத்தம் சுமார் 205 மெகாபாஸ்கல். 9 சதவீத நிக்கல் எஃகுக்கு அது 585. லட்சக்கணக்கான கன மீட்டர் கொள்ளும் தொட்டிக்கு இந்த வித்தியாசம் பிளேட்டின் கனத்தில் தெரியும், செலவில் தெரியும். ஆகவே பெரிய தொட்டி, கனத்த கலன் என்று வந்தால் இரும்போடு நிக்கலைக் கலந்து, இரும்பு நொறுங்கத் தொடங்கும் வெப்பநிலையைக் கீழே தள்ளுகிறார்கள். அம்மோனியாவின் மைனஸ் 33 டிகிரிக்கு நிக்கல் தேவையில்லை, நுண்மணிக் கார்பன் எஃகே போதும். 3.5 சதவீதம் கலந்தால் மைனஸ் 100 வரை போகலாம். 9 சதவீதம் கலந்தால் மைனஸ் 196 வரை போகலாம்.

பிளேட்டைச் செய்கிறவர்கள் குளிரில் நொறுங்காத இந்த உறுதியை உலையிலிருந்தே கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதை உருக்கி இணைக்கிற இடத்திலும் அந்த உறுதி கெடாமல் காப்பது வெல்டரின் வேலை. என் வாழ்நாளில் பெரும்பகுதி அதில்தான் போயிற்று.

நான் தொழில் படித்தது ராஜபாளையத்தில். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில்லைத் தொடங்கியதிலிருந்து நூற்பாலைகளைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. ஐடிஐ முடித்த பையன்களுக்கு முதல் வேலை ஏதாவது ஒரு மில்லின் ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும். எனக்கும் அப்படித்தான். உடைந்த பிராக்கெட், தேய்ந்த ஷாஃப்ட், பிளந்த வார்ப்பிரும்புக் கூடு, இவற்றை ஒட்டிக் கொடுப்பதே பாடம்.

ஒரு நூற்பாலைக்குள் நுழைந்தால் முதலில் முகத்தில் படுவது ஈரக்காற்று. பஞ்சு காய்ந்தால் இழை அறுந்துவிடும் என்பதால் ஸ்பின்னிங் பகுதியில் ஈரப்பதத்தை 55, 60 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்திருப்பார்கள். அதற்கென்றே தனி பிளான்ட் ஓடும். அந்த ஊரின் சோறே ஈரக்காற்றில்தான் விளைந்தது. நாங்கள் வெல்டிங் ராடு பாக்கெட்டைப் பிரித்து மேசையில் போட்டுவிட்டு, தேவைப்படும்போது எடுத்து எரிப்போம். மைல்டு ஸ்டீலுக்கு அது பெரிய கேடு செய்யவில்லை. ஈரம் வெல்டிங்கின் பகை என்று அந்த நாளில் எங்களுக்கு யாரும் சொல்லவுமில்லை, சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை.

திருச்சிக்குப் போன பிறகுதான் அது தெரிந்தது. 1965-ல் பெல் தொழிற்சாலை வந்ததிலிருந்து திருச்சியைச் சுற்றிக் கொதிகலனும் அழுத்தக் கலனும் செய்யும் பட்டறைகள் பெருகிவிட்டன. பெல் வளாகத்தில் 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. ராஜபாளையத்துப் பையன் ஒருவன் வெல்டிங்கை ஒரு படிப்பாகப் பார்ப்பதற்கு இந்தியாவிலேயே திருச்சிதான் ஏற்ற ஊர். அங்கே ஒரு பட்டறையில் மூத்த வெல்டர் ஒருவரிடம் சேர்ந்தேன். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம்.

அங்கே எனக்கு வாய்த்த முதல் நிக்கல் வேலை, உரத் தொழிற்சாலைக்குப் போகும் ஒரு கோபுரம். மெத்தனாலை மைனஸ் 50, 60 டிகிரிக்குக் குளிரவைத்து, அதில் வாயுவைக் கழுவி எடுக்கும் கலன். பிளேட் 3.5 சதவீத நிக்கல் எஃகு, ஏ203 வகை. ராடும் அதே 3.5 சதவீத நிக்கல் கலந்த குறை ஹைட்ரஜன் ராடு.

முதல் நாள் அண்ணாச்சி என்னை ஹோல்டரைத் தொட விடவில்லை. ஓவன் முன்னால் நிறுத்தினார். "தம்பி, இங்க நீ வெல்டர் இல்ல, காவக்காரன். இந்த ராடு மேல ஒரு சொட்டு ஈரம் ஏறாமப் பாத்துக்கிறதுதான் உன் வேலை" என்றார். ராடை 350 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டு, பிறகு 120 டிகிரி ஓவனுக்கு மாற்றி, அங்கிருந்து ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் போர்ட்டபிள் ஓவனுக்குக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்து மிஞ்சிய ராடு எண்ணி வாங்கப்படும். எத்தனை முறை சுடப்பட்டது என்று தனியாகக் குறிக்கப்படும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்பதை அவர் சொல்லித்தான் கேட்டேன். ராடின் பூச்சில் இருக்கும் ஈரம் ஆர்க்கின் சூட்டில் பிரிந்து ஹைட்ரஜனாகிறது. உருகிய எஃகு ஹைட்ரஜனை நிறையக் குடிக்கும். உறைந்த எஃகால் அதை வைத்துக்கொள்ள முடியாது. வெல்டுக்குப் பக்கத்தில், சூடேறிச் சட்டென்று ஆறிய பகுதி கடினமாகியிருக்கும். அங்கே இழுவிசையும் இருக்கும். ஹைட்ரஜன் ஊர்ந்து வந்து அங்கே சேரும். கடினம், இழுவிசை, ஹைட்ரஜன் மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் பிளேட் பிளக்கும். அதுவும் உடனே பிளக்காது. கைவைத்துப் பார்க்கக்கூடிய அளவு ஆறிய பிறகு, சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள் பிளக்கும். அதனால்தான் கடைசிப் பரிசோதனையை 48 மணி நேரம் விட்டுச் செய்யச் சொல்கிறார்கள். நல்ல ராடு என்பதன் அளவுகோலே 100 கிராம் வெல்டு உலோகத்தில் ஹைட்ரஜன் 5 மில்லிலிட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதுதான்.

குளிர்விரிசல் எனப்படும் இந்த விரிசலுக்கு மருந்து சூடு. வெல்டிங்குக்கு முன் பிளேட்டை 100 முதல் 150 டிகிரி வரை காய்ச்ச வேண்டும். வெல்டிங் முடியும்வரை அந்தச் சூடு இறங்கக் கூடாது. முடிந்ததும் 200, 250 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து ஹைட்ரஜன் வெளியேற வழிவிட வேண்டும். அதன்பின் முழுக் கலனையும் உலையில் ஏற்றி, 600 டிகிரியை ஒட்டி வைத்து இழுவிசையைத் தணிக்க வேண்டும்.

பர்னரை வைத்துக் காய்ச்சும்போது ஒரு விஷயம் நடக்கும். குளிர்ந்த பிளேட்டில் முதல் சுடர் பட்டதும் பிளேட் வியர்க்கும். எஃகுக்குள்ளிருந்து ஈரம் வெளியே வருகிறது என்று பலர் நினைப்பார்கள். எஃகுக்குள் தண்ணீர் கிடையாது. எரிவாயு எரிந்து உண்டான நீராவி குளிர்ந்த உலோகத்தில் படிகிறது, அவ்வளவுதான். அது மறைந்துவிட்டால் பிளேட் தயார் என்று அர்த்தமில்லை, காய்ச்சல் தொடங்கியிருக்கிறது என்றுதான் அர்த்தம். மூட்டிலிருந்து 75 மில்லிமீட்டர் தள்ளி, இரண்டு பக்கமும், சூட்டைக் காட்டும் டெம்ப் ஸ்டிக்கை வைத்துப் பார்த்த பிறகே அண்ணாச்சி தலையசைப்பார்.

அந்தப் பட்டறையில் கழித்த காலத்தில் சூடு என்பது எனக்குப் பாதுகாப்பின் அடையாளமாகவே ஆகிவிட்டது. சந்தேகம் வந்தால் காய்ச்சு. மழை வந்தால் இன்னும் காய்ச்சு. கனம் கூடினால் இன்னும் காய்ச்சு. கார்பன் எஃகிலும் 3.5 சதவீத நிக்கலிலும் வேலை பார்த்த எந்த வெல்டருக்கும் உடம்பில் ஊறிய பழக்கம் அது. இந்தப் பழக்கம் 9 சதவீத நிக்கலுக்கு ஆகாது என்பதைத்தான் வளைகுடாவில் போய்க் கற்றுக்கொண்டேன்.

அதற்கு முன் இந்த எஃகு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இயற்கை எரிவாயுவைத் திரவமாக்கிச் சேமித்தார்கள். அதன் கொதிநிலை மைனஸ் 162 டிகிரி. கடைசியாகக் கட்டிய தொட்டி 3.5 சதவீத நிக்கல் எஃகு. 1944 அக்டோபர் 20 அன்று அந்தத் தொட்டி பிளந்தது. வழிந்த திரவம் தெருவிலும் சாக்கடையிலும் ஓடிப் பற்றிக்கொண்டது. சுமார் 130 பேர் இறந்தார்கள். மைனஸ் 100 வரை தாங்கும் எஃகை மைனஸ் 162-க்கு வைத்தால் என்ன நடக்கும் என்பதை உலகம் அன்று பார்த்தது. போர்க்கால நிக்கல் தட்டுப்பாட்டில் நிக்கல் கூட்டிய எஃகு கிடைப்பது அரிது. ஆனால் குளிருக்கு அந்தக் காரணம் தெரியாது.

அந்த நாற்பதுகளிலேயே இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனம் 9 சதவீத எஃகை உருவாக்கியது. ஆனால் அதில் பெரிய தொட்டி கட்டுவதற்கு ஒரு தடை இருந்தது. வெல்டு போட்ட பின் உலையில் வைத்து இழுவிசையைத் தணிக்க வேண்டும் என்று விதி சொன்னது. களத்தில் நிற்கும் மாபெரும் தொட்டியை எந்த உலையில் ஏற்றுவது? 1960-ல் அதே நிறுவனமும் யுஎஸ் ஸ்டீலும் சிகாகோ பிரிட்ஜ் அண்ட் அயர்ன் நிறுவனமும் சேர்ந்து, வெல்டு செய்தபடியே விடப்பட்ட 9 சதவீத நிக்கல் கலன்களைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்து உடைத்துப் பார்த்தார்கள். தணிப்பு இல்லாமலே அவை தாங்கின. அதன்பின் அமெரிக்க அழுத்தக் கலன் விதி அந்த நிபந்தனையைத் தளர்த்தியது. இன்றைக்கும் 50 மில்லிமீட்டருக்குக் குறைந்த கனத்துக்கு உலை தேவையில்லை. எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தில் 2019-ல் தொடங்கிய எரிவாயு முனையத்தில் தலா 1,80,000 கன மீட்டர் கொள்ளும் இரண்டு தொட்டிகள் நிற்பது, அன்று அந்தக் கலன்கள் தாங்கி நின்றதன் தொடர்ச்சி.

வளைகுடாவில் நாங்கள் கட்டிய தொட்டியும் அந்த வகைதான். வெளியே கான்கிரீட், உள்ளே 9 சதவீத நிக்கல் எஃகு. கிடைமட்ட மூட்டுகளை இயந்திரம் ஓட்டும். செங்குத்து மூட்டுகள் கையால். ராடு நிக்கலை அடிப்படையாகக் கொண்டது, குரோமியமும் மாலிப்டினமும் கலந்தது. எஃகைக் கொண்டு எஃகை ஒட்டாமல் நிக்கலைக் கொண்டு ஒட்டுகிறோம், ஏனென்றால் மைனஸ் 196-ல் நொறுங்காத வெல்டை அதுதான் தரும். சூட்டில் அது விரியும் அளவும் பிளேட் விரியும் அளவும் ஏறக்குறைய ஒன்று. ஸ்டெயின்லெஸ் ராடு அதைவிட அதிகம் விரியும். ஒவ்வொரு முறை தொட்டி குளிர்ந்து மீளும்போதும் மூட்டின் ஓரத்தை இழுக்கும்.

முதல் நாளே எனக்குச் சொல்லப்பட்டது: காய்ச்சாதே. ஈரம் உலரும் அளவு மட்டும் சூடு போதும். ஒரு பாஸுக்கும், அதாவது ஒரு வெல்டு அடுக்குக்கும், அடுத்த பாஸுக்கும் நடுவில் வெப்பம் 150 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நிறுத்திவிட்டு ஆறும்வரை காத்திரு. திருச்சியில் எது இறங்கக் கூடாது என்று காவல் காத்தேனோ, அது இங்கே ஏறக் கூடாது.

காரணம், இங்கே பயம் வேறு. 9 சதவீத நிக்கல் எஃகில் கார்பன் மிகக் குறைவு. சூடேறி ஆறிய ஓரம் கடினமானாலும் நொறுங்கும் கடினம் அல்ல. நிக்கல் வெல்டு உலோகம் ஹைட்ரஜனைத் தன்னிலேயே வைத்துக்கொள்ளும், பிளேட் ஓரத்துக்கு அனுப்பாது. அதனால் நாளை வரும் குளிர்விரிசல் இங்கே பெரிய கவலை இல்லை. இங்கே விரிசல் கண் முன்னால் வரும், உறையும் கணத்திலேயே வரும். அதுதான் சூட்டுவிரிசல்.

எங்கள் பக்கத்தில் கந்தகத்தைத் தெரியாதவர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அடுத்த சிவகாசியில் பட்டாசும் தீப்பெட்டியும் அதை நம்பித்தான் நடக்கின்றன. நிக்கலுக்கு அதைப் போல வேறு பகை கிடையாது. நிக்கல் கலவை 1300 டிகிரியை ஒட்டி உறையும். கந்தகம் துளி கலந்தால் நிக்கலும் கந்தகமும் சேர்ந்த ஒரு கூட்டு 640 டிகிரி அளவிலும் திரவமாகவே இருக்கும். சுற்றிலும் எல்லாம் உறைந்து சுருங்கி இழுக்கிறது, மணிகளுக்கு நடுவில் மட்டும் மெல்லிய திரவப் படலம் நிற்கிறது. அந்த இடம் விலகிவிடும். பாஸ்பரசும் ஈயமும் இதே கெடுதலைச் செய்யும். சாதாரண ஸ்டெயின்லெஸ் வெல்டில் கொஞ்சம் ஃபெரைட் இருந்து இந்த அழுக்கைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். நிக்கல் வெல்டில் அந்த உதவியும் இல்லை. இதற்குச் சூடு கொடுத்தால் உறையும் நேரம் நீளும், மணிகள் பருக்கும், படலம் இன்னும் நின்று விளையாடும். ஆகவே இந்த விரிசலுக்கு மருந்து குளிர்ச்சியும் துப்புரவும்.

துப்புரவு என்றால் எவ்வளவு? கட்டிங் ஆயில், பெயின்ட், குறிக்கும் கிரேயான், கிரீஸ் படிந்த கையுறை, கார்பன் எஃகில் ஓடிய கிரைண்டிங் வீல், ஒவ்வொன்றும் கந்தகமோ கார்பனோ வேறு அழுக்கோ கொண்டுவரக்கூடியது. மூட்டின் இருபுறமும் பளபளக்கும்வரை தேய்த்து, அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, துணி கறுக்காமல் வரும்வரை துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கம்பித் தூரிகை ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்க வேண்டும், அது வேறு எந்த வேலைக்கும் போகக் கூடாது.

ஒரு செங்குத்து மூட்டில், சாயத்தை ஊடுருவவிட்டு விரிசல் தேடும் டிபி டெஸ்டில், கோடு விழுந்தது. வெள்ளைப் பூச்சின்மேல் சிவப்புக் கசிவு, ஒரு சாண் நீளத்துக்குள் மூன்று இடம். கரண்ட் சரி, வெப்பம் சரி, ராடின் பெட்டி எண் சரி. எல்லோரும் வெல்டரின் கையைப் பார்த்தார்கள். அந்த வெல்டர் நல்ல கைக்காரர், என் பக்கத்தில் பல நாள் நின்றவர். அவருக்கு மூட்டைத் துடைத்துக் கொடுத்த ஹெல்பர் ஒடிசாக்காரப் பையன், தயங்கித் தயங்கி எங்களிடம் வந்து, "இந்த இடத்தில்தான் முந்தின ஷிஃப்டில் மூட்டு நம்பர் எழுதியிருந்தது, கிரேயானில் எழுதி மேலேயே கிரைண்ட் பண்ணிவிட்டார்கள்" என்றான். துடைக்காமல் கிரைண்டரை ஓட்டினால் கிரேயான் போகாது, உலோகத்தில் தேய்ந்து பூசிக்கொள்ளும். மேலே பார்க்கப் பளபளப்பாக இருக்கும். அவன் சொன்ன இடத்தையும் சிவப்புக் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம். பொருந்தியது. அன்றிலிருந்து அந்த வேலையில் குறியிடும் இடம் மூட்டிலிருந்து விலகிப் போனது, துடைத்த பிறகே கிரைண்டிங் என்பது வரிசையாயிற்று. அந்தத் தொட்டியைப் பற்றி எத்தனையோ பொறியாளர்கள் அறிக்கை எழுதினார்கள். அந்தப் பையனின் ஒரு வாக்கியம் செய்த உதவியை நான் இன்னும் நன்றியோடு நினைக்கிறேன்.

சூட்டுவிரிசலுக்குப் பிடித்த இன்னொரு இடம் ராடு முடிகிற குழி, நாங்கள் கிரேட்டர் என்போம். ஆர்க்கைச் சட்டென்று பிடுங்கினால் குழியின் ஓரம் முதலில் உறைந்து, நடுப்பகுதி கடைசியில் உறையும். சுற்றிலும் இழுக்க, நிரப்ப உலோகம் இல்லாமல், நடுவில் நட்சத்திரம் போலக் கீறும். அதனால் ராடு தீரப்போகும்போது பத்து மில்லிமீட்டர் பின்னால் வந்து, குழியை நிரப்பி, பிறகே ஆர்க்கை விட வேண்டும். அப்படியும் அந்த முனையைக் கிரைண்ட் செய்துவிட்டுத்தான் அடுத்த ராடைத் தொடங்க வேண்டும். வெல்டு வரியை நாங்கள் பீடு என்போம், அது நடுவில் சற்றுப் புடைத்திருக்க வேண்டும், குழிந்த பீடு நடுக்கோட்டில் பிளக்கும். உருகிய நிக்கல் எஃகுபோல ஓடாது, தயங்கும், ஆழமாகவும் இறங்காது. அதை ஓடவைக்கக் கரண்ட்டைக் கூட்டக் கை துடிக்கும். கூட்டக் கூடாது. மூட்டின் வாயை அகலமாக வெட்டிக்கொண்டு, ஆர்க்கைக் குட்டையாகப் பிடித்து, உலோகத்தை இருக்க வேண்டிய இடத்தில் நாமே வைக்க வேண்டும். ராடை இருபுறமும் அசைக்கும் வீவிங்கின் அகலம் ராடு கம்பியின் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது.

9 சதவீத எஃகுக்கே உரிய இன்னொரு சங்கடம் காந்தம். இது காந்தத்தை எளிதில் வாங்கும், விடாமல் வைத்துக்கொள்ளும். காந்தக் கிரேனில் தூக்கினாலோ, டிசி கேபிளுக்கு அருகில் கிடந்தாலோ போதும். மூட்டு வாயில் காந்தம் இருந்தால் ஆர்க் ஒரு சுவரை நோக்கிச் சாயும். ஒரு பக்கம் ஒட்டாது, ஸ்லாக் என்னும் கசடு உள்ளே சிக்கும், வெல்டர் தன் கையைச் சந்தேகிப்பார். பிளேட் வந்து இறங்கும்போதே காஸ் மீட்டரால் விளிம்பை அளந்து, 50 காஸுக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்பவோ கேபிள் சுற்றி நீக்கவோ வேண்டும். வெல்டிங் ஏசி கரண்டில். நம் 50 சுழற்சி மின்சாரத்தில் திசை ஒரு நொடிக்கு நூறு முறை மாறுவதால் ஆர்க் ஒரே பக்கம் சாய நேரம் இருப்பதில்லை. டிசியிலேயே பழகிய கை, ஏசியின் சத்தத்துக்கும் சிதறலுக்கும் பழகியே ஆக வேண்டும்.

பரிசோதனையிலும் பழைய பழக்கம் உதவாது. கார்பன் எஃகில் மேற்பரப்பு விரிசலைக் காந்தத்தூள் காட்டிக் கொடுக்கும். இங்கே பிளேட் காந்தமாகும், நிக்கல் வெல்டு ஆகாது. அதனால் இரண்டும் சந்திக்கும் ஓரம் முழுக்கப் பொய்க்கோடு விழும். டிபி டெஸ்டையே நம்ப வேண்டும். அதற்கு மேற்பரப்பு சீராகத் தேய்க்கப்பட்டிருக்க வேண்டும். உள்ளே பார்க்க எக்ஸ்ரே. கடைசியில் அந்தப் பத்துக்குப் பத்துத் துண்டு வெல்டிலிருந்தும் ஓரத்திலிருந்தும் அறுக்கப்பட்டு, நைட்ரஜனில் மூழ்கி, சுத்தியலுக்கு முன் நிற்கும். உடைந்த துண்டின் பின்பக்கம் குறைந்தது 0.38 மில்லிமீட்டர் பிதுங்கியிருக்க வேண்டும். அந்தப் பிதுக்கம்தான் அந்தக் குளிரிலும் உலோகம் நெகிழ்ந்துகொடுத்தது என்பதற்குச் சாட்சி. பிளேட் ஆலை கொடுத்த உறுதியை நாம் கெடுக்கவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி.

இப்போது ஊர் திரும்பி, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஒரு சிறு பட்டறையில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நிக்கல் எஃகு எங்களிடம் வராது. பால் குளிரூட்டும் தொட்டியும் மில் பைப்பும்தான் வரும். ஆனாலும் இந்தப் பாடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர்களில் சிலர் நாளை தஹேஜுக்கோ எண்ணூருக்கோ கத்தாருக்கோ போவார்கள். போகிற இடத்தில் சுவரில் ஆங்கிலத்தில் ஒரு வெல்டிங் முறைத்தாள் ஒட்டியிருக்கும். அதில் எண்கள் இருக்கும்: குறைந்தபட்சம் இத்தனை டிகிரி, அதிகபட்சம் இத்தனை டிகிரி. காரணம் இருக்காது. காரணம் தெரியாதவனுக்கு இரண்டு எண்ணும் ஒன்றுபோலத்தான் தெரியும். 3.5-ல் பழகியவன் 9-ல் காய்ச்சுவான், 9-ல் பழகியவன் 3.5-ல் காய்ச்சாமல் விடுவான். இரண்டும் விரிசல்.

வாடைக் காற்றும் மழையும் இறங்கும் ஐப்பசி, கார்த்திகையில் மலையடிவார ஊர் முழுக்க ஈரமாக இருக்கும். அந்த மாதங்களில்தான் ராடு ஓவனைப் பற்றிப் பேசுவேன். திறந்து வைத்த ராடையும் சுட்ட ராடையும் அடுத்தடுத்து எரித்துக் காட்டுவேன். ஆர்க்கின் சத்தமே வேறாக இருக்கும், பீடில் பின்ஹோல் விழும். கண்ணால் பார்த்த காரணம் மறக்காது.

பட்டறைகளையும் ஒப்பந்த நிறுவனங்களையும் நான் கேட்பது ஒன்றுதான். அந்த முறைத்தாளைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு வரியில் காரணம் எழுதுங்கள். வேலை தொடங்கும் முன் நடக்கும் கூட்டத்துக்கு வெல்டரோடு ஹெல்பரையும், கிரைண்டர் ஓட்டுகிறவரையும், குறி போடுகிறவரையும், கிரேன்காரரையும் கூப்பிடுங்கள். ராடில் ஈரம் ஏறுவதும், மூட்டில் கிரேயான் படிவதும், பிளேட்டில் காந்தம் ஏறுவதும் வெல்டர் ஹோல்டரைப் பிடிப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிற காரியங்கள். அவற்றைத் தடுக்கக் கூடியவர்கள் இவர்கள்தான்.

இளையவர்களுக்கு: புது எஃகு கையில் வந்தால் கரண்ட் எவ்வளவு என்று முதலில் கேட்காதீர்கள். இது எந்த விரிசலுக்குப் பயப்படுகிற எஃகு என்று கேளுங்கள். ஹைட்ரஜனுக்கா, கந்தகத்துக்கா? நாளைக்கு வரும் விரிசலா, இப்போதே வரும் விரிசலா? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் சூடு கொடுக்க வேண்டுமா, ஆறவிட வேண்டுமா என்பது தானாகத் தெரியும். கரண்ட் அதற்குப் பிறகு.